மூக்குக்காரர்

காரின் கதவைத் திறந்ததும் அவர் உள்ளே ஏறமாட்டார். முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். சட்டைப் பையிலிருக்கும் பேனா, சில்லறை, கைபேசி எல்லாவற்றையும் எடுத்து வண்டியின் கூரைமேல் வைப்பார். பிறகு தலையை மட்டும் உள்ளே நீட்டி, கண்ணை மூடி, கிணற்றை எட்டிப் பார்ப்பவர் போலக் குனிந்து நிற்பார். நாம் மூச்சு விடுவதுகூட அவருக்கு இடைஞ்சல் என்று தோன்றும். எவ்வளவு நேரம் நிற்பார் என்று நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை தவறிவிடும். வெளியே வந்து ஒரே வார்த்தை சொல்வார். "பால்." இல்லாவிட்டால் "எலி." இல்லாவிட்டால், "தண்ணில நின்ன வண்டிங்க இது, வேண்டாம், வுட்டுடுங்க."

தருமபுரியில் பாலக்கோடு சாலையில் பழைய கார் வாங்கி விற்கும் தகரக் கொட்டகை அவருடையது. பெயர்ப்பலகையில் இருந்தது அவர் மாமனாரின் பெயர். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊருக்கு அவர் மூக்குக்காரர். என் கைபேசியிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன்.

அடக்கமான மனிதர் என்று சொல்லமுடியாது. மூக்கின் நுனியைத் தட்டிக்காட்டி, "டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப்பு, நமக்கு இது" என்பார். பக்கத்து டீக்கடையில் இருப்பவர்கள் மூடிய டிபன் பாக்சை அவர் முன்னால் நீட்டி வம்புக்கு இழுப்பார்கள். மூடியைத் தொடாமலே, "புளிச்சோறு. காத்தால வெச்சதில்ல, நேத்து ராத்திரி வெச்சது. உம் பொண்டாட்டி உன்னை ஏமாத்தறா" என்பார். அந்த ஆள் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்து சண்டை போட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

என் அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்த வண்டி ஒன்றை வாங்க இருந்தான். புதுசு போலப் பளபளத்தது. இவர் தலையை நீட்டினார், எடுத்தார். சீட்டு பெல்ட்டை இழுத்துக்கொண்டே போனார். அது அவ்வளவு நீளம் வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசி முனையை மூக்கில் வைத்து, "வெள்ளத் தண்ணி" என்றார். விற்க வந்தவன் எகிறிக் குதித்தான். இவர் பெல்ட்டின் முனையைத் திருப்பிக் காட்டினார். சேறு வரி வரியாகக் காய்ந்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் அவர் மூக்கைக் கேட்காமல் வண்டி வாங்கியதில்லை. என் காரும் அவர் வழியாக வந்ததுதான். ஒரு டாக்டர் வைத்திருந்தது. "ஆஸ்பத்திரி வாசனை இருக்குதுங்க சார், மூணு மாசத்துல போயிரும்" என்றார். போய்விட்டது. "எப்ப வித்தாலும் என்கிட்டதான் விக்கணும்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லி வைப்பார். அந்த வண்டிமேல் அவருக்கு ஒரு கண் இருந்தது.

கொரோனா இரண்டாம் அலை முடிந்த பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. தலையை நீட்டி நிற்பதெல்லாம் பழையபடிதான். ஆனால் உடனே வார்த்தை வராது. வாங்க வந்தவர்களைக் குடும்பத்தோடு வண்டிக்குள் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுவார். தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியைத் திருப்பிப் பின்னால் இருப்பவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது குனிந்தால், "மொகத்தக் காட்டுங்க, மொகத்தக் காட்டுங்க" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எப்படிங்க இருக்குது?" வியாபாரத்துக்கு ஏதோ புதுத் தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது என் மனைவிக்குச் சேலத்தில் கீமோ நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போகவேண்டும். பாதியில் விடக்கூடாது, விட்டால் இதுவரை செய்ததும் வீண் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். நான்தான் வண்டி ஓட்டினேன். மூன்றாவது தடவை போகும்போது, தொப்பூர் இறக்கத்தில், "ஏங்க, பொண நாத்தம் அடிக்குது, நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். இறங்கி ஓரமாக வாந்தி எடுத்தாள்.

அந்த இறக்கத்தில் லாரிகள் பிரேக்கை அழுத்திக்கொண்டேதான் இறங்கும். கருகிய வாடை எப்போதும் உண்டு. "லாரி பிரேக்கு தேயுது, அதுதான்" என்றேன்.

"லாரி வெளிய போவுது. நாத்தம் உள்ள அடிக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்து வண்டிக்குள் மூக்கை வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்த தடவை போகும்போது அதே இறக்கத்தில் அதே வார்த்தை, அதே வாந்தி. எனக்கும் ஏதோ வந்தது போலிருந்தது. வரவில்லை போலவும் இருந்தது. எழுபது வயதுக்காரன் மூக்கை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோடா உப்பைத் தூவி ஒரு நாள் விட்டுத் துடைத்தேன். காப்பித்தூளைக் கிண்ணத்தில் வைத்தேன். அடுப்புக் கரியைத் துணியில் முடிந்து நான்கு மூலையிலும் போட்டேன். எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைத்தேன். கடைசியில் சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தினேன். அவள் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "இப்ப பொணத்துக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி இருக்குது."

இனிமேல் இந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வாடகைக் கார் கூப்பிடட்டுமா என்றால், "அதுல எவனெவன் எதை வெச்சு ஏத்தினானோ" என்றாள். பெங்களூரில் இருக்கும் மகன் போனில், "அப்பா, அம்மாவுக்கு ட்ரீட்மென்ட் வேண்டாம்னு இருக்கு. அதுக்குத்தான் நாத்தம் கீத்தம்னு சொல்றாங்க. உனக்குப் புரியலையா?" என்றான். புரிந்தது. புரிந்ததால்தான் இரவெல்லாம் புரண்டு படுத்தேன். அடுத்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. மூக்குக்காரரைக் கூப்பிடுவது. அவர் மோந்து பார்த்து, நாத்தம் எதுவும் இல்லை என்று அவள் எதிரிலேயே சொல்லிவிட்டால் அவளால் மறுத்துப் பேசமுடியாது. ஊரே ஒப்புக்கொண்ட மூக்கு அல்லவா? போனில் அவரிடம் பூடகமாகச் சொல்லியும் வைத்தேன்.

வந்தார். செருப்பைக் கழற்றினார். பையைக் காலி செய்தார். தலையை நீட்டிக் கண்ணை மூடினார். அவள் கேட்டுக்குப் பக்கத்தில், முடி போன தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றாள். அவர் தலையை வெளியே எடுத்ததும் நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நாறுதுங்க" என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன நாத்தம்?"

"அது இன்னும் தெரியலைங்க சார்."

ஒரே வார்த்தையில் சொல்லும் மனிதர், தெரியவில்லை என்கிறார். உள்ளே உட்காரச் சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன். அந்த நாட்களில் அடுப்பு என் பொறுப்பு. கோபத்தில் பாலை மறந்து மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்துத் தீய்ந்து, வீடு முழுக்கப் புகையும் நாற்றமும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். இவர் கூடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே, "காப்பி வாசனை ஆளத் தூக்குதுங்க சார்!" என்றார்.

அவள் திரும்பி வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றேன்.

"தம்பி, உங்களுக்கு மூக்கு எப்ப போச்சு?"

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "ரெண்டாவது அலைலங்க அக்கா. ஆஸ்பத்திரிலருந்து வந்தேன், மூக்கு வரலை. இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்துட்டே இருக்கறேன்."

"வூட்ல தெரியுமா?"

"பொண்டாட்டிக்குத் தெரியும். அவளும் இப்ப நேத்து வெச்ச சோறுதான் போடறாளோ என்னமோ." கொஞ்சம் நிறுத்தி, "வெளிய சொல்லிடாதீங்க அக்கா. பொழப்பே இதுதாங்க" என்றார்.

"நான் யாருகிட்டச் சொல்லப் போறேன். சாப்பாடு?"

"உப்பு தெரியும், காரம் தெரியும். மத்ததெல்லாம் மண்ணுங்க."

"எனக்கு எல்லாம் இரும்பு. தண்ணிகூட இரும்பு" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டேன். இப்போது அவர் கொட்டகையை மூடிவிட்டு, ஓசூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். கார் விற்பதில்லை. இனி ரகசியம் வெளியே போனாலும் பிழைப்பு கெடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆனால் அன்று எனக்கு வேறொரு ஆத்திரம். அவரை வாசல்வரை கொண்டுபோய் விடும்போது கேட்டேன். "மூக்கு இல்லாத ஆளு, நாறுதுன்னு எப்படிய்யா சொன்னே?"

"அக்கா மொகம் சொல்லுச்சுங்க. அந்த மொகத்தைப் பாத்துட்டு இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

மறுநாள் கருவிப் பெட்டியோடு வந்துவிட்டார். காலையில் நிழலில் நிறுத்தி ஏசி வடிகட்டியைக் கழற்றினார். மிதியடிகளை உதறினார். டிக்கியைக் காலி செய்து ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பார்த்தார். ஒரு நிலக்கடலை கிடைத்தது. "எலி ஏறி இருக்குதுங்க. எலிதான்" என்றார். எலி கிடைக்கவில்லை. இன்னொரு எலி வேறெங்கோ செத்திருக்கும் என்றார். அதுவும் கிடைக்கவில்லை. எனக்கு நம்பிக்கை போயிற்று. வேர்த்து ஒழுகியபடி அவளிடம் வந்தார்.

"அக்கா, எந்த எடத்துல நாறுது? எப்ப நாறுது?"

"எத்தனை வாட்டி சொல்றது? தொப்பூர் எறக்கத்துல. வெயில் ஏறினப்புறம்."

அவர் தலையைச் சொறிந்தார். "அக்கா சொல்றதை வெச்சுத் தேடாம நான் எலி பின்னாடி போயிட்டேன். தொப்பூரை இங்கயே கொண்டாந்துடலாம்ங்க."

பின்சக்கரங்கள் இரண்டையும் கல்லில் ஏற்றினார். வண்டி இறக்கத்தில் இறங்குவதுபோல முன்பக்கம் சாய்ந்து நின்றது. கண்ணாடிகளை ஏற்றி நல்ல வெயிலில் விட்டார். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் வாஸ்து பரிகாரமா என்றார். வெயில் உச்சிக்கு வந்ததும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வேப்பமர நிழலில் உட்காரவைத்து, கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார்.

"இங்கயாக்கா?"

"இல்ல தம்பி."

"இங்க?"

அவள் முகம் சுருங்கியது. "முன்னாடி. கீழ. ஓட்டறவரு சீட்டுக்குக் கீழ."

எனக்கே அப்போது வந்தது. சந்தேகமே இல்லை. செத்ததுதான்.

சீட்டை முடுக்கிய நான்கு போல்ட்டையும் கழற்றித் தூக்கி வெளியே வைத்தார். தரைவிரிப்பு ஓரத்தில் பிய்ந்து ஒரு பொந்து போலிருந்தது. கையை விட்டு ஒன்றை எடுத்தார். பட்டுக்கூடு. மஞ்சளாக இருக்கவேண்டியது, உள்ளே புழு செத்து அழுகிக் கசிந்து பழுப்பாகியிருந்தது. இன்னொன்று. இன்னொன்று. பின்சீட்டின் அடியில் ஒளிந்து கிடந்தவை, இறக்கத்தில் உருண்டு முன்னால் வந்திருக்கின்றன. திரும்பும்போது ஏற்றத்தில் உருண்டு பின்னால் போய்விட்டிருக்கின்றன. வெயிலில் நாறி, நிழலில் அடங்கியிருக்கின்றன. நான் வீட்டில் வைத்துத் தேடிய போதெல்லாம் அவை நல்ல பிள்ளைகளாக இருந்திருக்கின்றன.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் ஒரு கூட்டை மூக்குக்கு நேராகப் பிடித்து, கண்ணை மூடி, ஆழமாக உள்ளே இழுத்தார். மறுபடியும் இழுத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ரொம்பங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்குச் சந்தோஷமா துக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

காரணம் என் மைத்துனன். பாலக்கோட்டுப் பக்கம் மல்பெரி வைத்துப் பட்டுப்பூச்சி வளர்ப்பவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் என் காரை இரவல் வாங்கித்தான் தருமபுரி பட்டுக்கூட்டு மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றி வந்தான். போன் போட்டேன்.

"மாமா, மூட்டை கிழிஞ்சது நெசம். ஆனா ஒண்ணுகூட வுடாமப் பொறுக்கிட்டேன் மாமா, சத்தியமா!"

அவள் போனைப் பிடுங்கினாள். "நீ பொறுக்கினதை வந்து பாருடா. தட்டு நெறைய வெச்சிருக்கறேன், வந்து தின்னுட்டுப் போ!"

தட்டிலிருந்ததை நான் எண்ணினேன். எத்தனை என்று எழுதினால் அவன் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவான்.

அவர் விரிப்பு முழுவதையும் உரித்துச் சோப்புத் தண்ணீரில் அலசி, இரண்டு நாள் காயப்போட்டு மாட்டினார். மறுபடியும் கல்லில் ஏற்றி, வெயிலில் வைத்து, கதவைத் திறந்தார். அவள் தானே எழுந்து வந்து பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை மூடி மோந்தாள்.

"போயிடுச்சு" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. "அப்ப நாளைக்கழிச்சு சேலம் கெளம்பலாம்."

"நான் வரலை."

"நாத்தம்தான் போயிடுச்சே!"

"நாத்தம் போயிடுச்சு. நான் வரலை. என்னால முடியலைங்க. ஊசி போட்டுட்டு வந்து பத்து நாளு நான் படறது உங்களுக்கு என்ன தெரியும்?"

மகன் சொன்னதும் சரி, அவள் சொன்னதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கமுடியும் என்று ஆத்திரம் வந்தது. அவரைப் பார்த்தேன். அவர் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்க் கல்லை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, சார் ஓட்ட வேண்டாம். நான் ஓட்டறேன். கெளம்பலாம். எந்த எடத்துல வேண்டாம்னு தோணுதோ சொல்லுங்க, அந்த எடத்துலயே திருப்பிடறேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

"நெசமாவா?"

"அக்கா, எனக்கு மூக்குதான் இல்லை."

கிளம்பினோம். நல்லம்பள்ளி தாண்டியதும் கண்ணாடியைத் திருப்பினார். "மொகத்தக் காட்டுங்க அக்கா." கொஞ்ச தூரம் போய், "திருப்பட்டுங்களா?" தொப்பூர் இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் மறுபடியும், "திருப்பட்டுங்களா?" எனக்கு அவர் கழுத்தை நெரிக்கவேண்டும் போலிருந்தது. சும்மா வருகிறவளுக்கு எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்? அவள் வெளியே பார்த்தபடி, "போங்க" என்பாள். அந்தத் தடவை போய்வந்தோம். அடுத்த தடவையும் போய்வந்தோம். அவர் எத்தனை முறை கேட்டார், அவள் எத்தனை முறை போகச் சொன்னாள் என்று எண்ணிக்கொண்டே நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கடைசி ஊசிக்குப் போகும்போது, இறக்கம் முழுவதும் இறங்கியாயிற்று, இனிப் பயமில்லை என்று நான் முதுகைச் சாய்த்த நேரத்தில் அவள், "திருப்புங்க தம்பி" என்றாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. விளக்கைப் போட்டார், ஓரம் கட்டினார், அடுத்து வந்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பிவிட்டார்.

"யோவ், யாரைக் கேட்டுத் திருப்பறே? கடைசி ஊசிய்யா!"

"அக்கா சொன்னாங்க சார்."

"அவ சொல்லுவா! உனக்கு அறிவில்ல?"

நான் மகனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டேன், யாரோ எடுத்துக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டு வைத்தார்கள். ஏற்றம் முழுவதும் நான் கத்தினேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி வீட்டு வாசலுக்கு வந்து நின்றது.

நான் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டேன். வண்டி உள்ளே வரவில்லை. அவள் இறங்கவுமில்லை. அவர் என்ஜினை அணைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, கையை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கச் சொல்லவில்லை. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நான் கேட்டைப் பிடித்தபடி வெயிலில் நின்றேன். பக்கத்து வீட்டில் குக்கர் கூவியது. விசில்களை எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"தம்பி" என்றாள்.

"அக்கா."

"இப்பக் கெளம்பினா டாக்டரு இருப்பாரா?"

அவர் கண்ணாடியைத் திருப்பி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். சாவியைத் திருகினார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பின்னால் போய்த் திரும்பிக் கிளம்பிவிட்டது. என்னைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைப்பே இல்லை.

"நில்லுய்யா, நானும் வரேன்!" என்று கத்திக்கொண்டே, கேட்டை அப்படியே போட்டுவிட்டு, தெருவில் ஓடினேன்.